துறைக்கும் துறைக்கும் நடுவே: கடலாய்வும் சமூக ஆய்வும் சேர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, நாவாந்துறை என்று துறைகளால் ஆன யாழ்ப்பாணக் குடாநாடு இது. பல்கலைக்கழகத்திலும் துறைகள்தான். மீனைப் படிப்பவர்கள் ஒரு கட்டடத்தில், மனிதரைப் படிப்பவர்கள் இன்னொரு கட்டடத்தில். படகுகள் துறைக்குத் துறை போய்வருகின்றன. ஆய்வாளர்கள் அவ்வளவாகப் போய்வருவதில்லை. நான் சமூக ஆய்வுப் பக்கத்தைச் சேர்ந்தவள். கடலாய்வுக் குழுக்களோடு கரையோரம் அலைந்த வருடங்களில் மாணவர், கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்கள், உத்தியோகத்தர் எனப் பலரும் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் பார்வையில் எழுதியவை.

மீன் குறைவது மீன் ஆய்வாளர் பார்க்கவேண்டிய விடயம். அதற்குள் சமூக ஆய்வாளருக்கு என்ன வேலை?

அளப்பது அவர்கள் வேலைதான். ஆனால் அளந்து முடித்தபின் போடப்படும் விதிகளில் ஒன்றுகூட மீனுக்குப் போடப்படுவதில்லை. வலைக்கண் இவ்வளவு இருக்கவேண்டும், இந்த மாதம் இறங்கக்கூடாது, இந்த இடத்தில் வலை விடக்கூடாது, எல்லாமே ஆட்களுக்குத்தான். அந்த ஆட்கள் ஏன் இப்படித் தொழில் செய்கிறார்கள் என்று தெரியாமல் போட்ட விதி கடதாசியிலேயே கிடக்கும்.

நண்டைக் கொண்டு சொல்கிறேன். நீலக்கால் நண்டுதான் இன்றைக்கு எங்கள் கரையில் பல வீடுகளுக்கு ஏற்றுமதிக் காசு கொண்டுவருவது. சினை நண்டு ஒன்று சில இலட்சம் முட்டைகளை வயிற்றடியில் சுமக்கும்; பெரிய நண்டென்றால் பத்து இலட்சத்தையும் தாண்டும். ஆகவே சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்பது உயிரியல் சொல்லும் நேரான அறிவுரை. நான் போன ஒரு குழுவும் அதைத்தான் படம் போட்டு அச்சடித்து, சங்கக் கட்டடத்தில் ஆண்களைக் கூட்டிவைத்துச் சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு ஒருநாள் விடிய வெள்ளனக் கரையில் நின்றபோதுதான் விளங்கியது. நண்டை யாரும் கடலில் வைத்துக் கழற்றுவதில்லை. வலையை அப்படியே அள்ளிப் படகில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கரையில் கொட்டிலுக்குள் பெண்கள் சுற்றியிருந்து கழற்றுகிறார்கள். எது சினை என்பதை முதலில் காண்பது அவர்கள் கண். அதற்குள் படகு வந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் போயிருக்கும். நண்டுக்குக் காலும் உடைந்திருக்கும். சரியான செய்தியைப் பிழையான ஆளிடம், பிழையான நேரத்தில் சொல்லியிருந்தோம்.

சினை நண்டைக் கூட்டில் வைத்திருந்து, முட்டை பொரித்த பிறகு விற்கும் ‘நண்டு வங்கி’ தாய்லாந்தில் இருக்கிறது. அது இங்கே சரிவருமா என்ற கேள்வி அன்றைக்குத்தான் எங்களுக்குள் எழுந்தது. கூட்டை எங்கே கட்டுவது, அங்கே தண்ணீரின் உப்பு எவ்வளவு என்பதை நண்டு ஆய்வாளர் சொல்லலாம். கூட்டில் விட்ட நண்டுக்குக் காசு எப்போது வரும், அதுவரை அன்றாடச் செலவுக்கு என்ன வழி, கழற்றும் பெண்ணுக்கு அதில் பங்கு உண்டா என்பவற்றுக்கு அவரிடம் பதில் இராது. என்னிடமும் தனியே இல்லை.

பல்துறை, துறையிடை, துறைகடந்த என்றெல்லாம் சொல்கிறார்களே, வேறுபாடு என்ன?

ஒரே அறிக்கையில் நீங்கள் மூன்றாம் அத்தியாயம், நான் ஐந்தாம் அத்தியாயம் எழுதினால் அது பல்துறை. கேள்வியையே சேர்ந்திருந்து அமைத்தால் துறையிடை. அந்த மேசையில் கடற்றொழிலாளரும் இருந்து ‘உந்தக் கேள்வி பிழை’ என்று சொல்ல இடமிருந்தால் துறைகடந்தது. இங்கே நடப்பவற்றில் பெரும்பாலானவை முதலாவது வகை. விண்ணப்பத்தில் எழுதுவது மூன்றாவது வகை.

சமூக ஆய்வாளர் என்றால் விழிப்புணர்வு ஊட்ட வருபவர்தானே?

இல்லை. திட்டத்தின் கடைசி மூன்று மாதத்தில், காசு மிச்சமிருந்தால், ‘சனத்துக்கு விளங்கப்படுத்த ஒரு ஆள் வேணும்’ என்று தொலைபேசி எடுப்பார்கள். அந்த அழைப்பில் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: சனத்துக்கு விளங்கவில்லை, அதனால்தான் பிழை செய்கிறார்கள் என்பது. தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழை வலை, பாவிப்பவருக்கு அது கூடாதென்று தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? தெரியும். படகு முதலாளியான சம்மாட்டியிடம் பட்ட கடனும் தெரியும், பக்கத்து வாடிக்காரர் அதைத்தான் விடுகிறார் என்பதும் தெரியும்.

இந்தக் கூட்டு யாழ்ப்பாணத்துக்கு ஏன் அவ்வளவு தேவை?

பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீற்றருக்குள்தான். வெளிச்சம் அடிவரை போவதால் கடற்புல் படுகைகள் பரந்து கிடக்கின்றன. ஓரா, ஒட்டி மீன்கள் அங்கே மேய்கின்றன, இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தை அங்கே கழிக்கின்றன, கடற்பசுவுக்கும் அதுதான் சாப்பாடு. அதே அடித்தளத்தில்தான் இழுவைமடி வலை உழுதுகொண்டு போகிறது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே 1974இல் கீறிய எல்லைக்கோடு ஒன்று ஓடுகிறது. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. ஆனால் அந்தக் கடலின் மீன் கணக்கை எடுக்கப் போகும் ஆய்வாளருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

ஏன் என்கிறேன். இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள், வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்கு வருவது எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். அந்த இரவுகளில் வலை விட்டால் வலையே மிஞ்சாது என்று பலர் கரையில் நின்றுவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்தப் பக்கம் 61 நாள் தடைக்காலம். அப்போது இங்கே நிம்மதியாக வலை விடலாம். இது தெரியாமல் ஒரு மாணவர் தன் வசதிக்குச் செவ்வாய்க்கிழமை விடியப் போய்ப் பிடிபாட்டை நிறுத்துப் பதிந்துகொண்டு வந்தால், திங்கள் இரவு கரையில் நின்றவர்களின் வெறும் படகு அவர் அட்டவணையில் ‘மீன் இல்லை’ என்று ஏறிவிடும். உண்மையில் மீன் இருந்ததா இல்லையா என்று அந்த இலக்கம் எதுவுமே சொல்லவில்லை. ஆட்கள் பயந்ததைத்தான் சொல்கிறது. மாதிரி எடுக்கும் நாட்காட்டியைக் கடலாய்வாளர் தனியே போடக்கூடாதென்று நான் சண்டை பிடிப்பது இதனால்தான்.

கடற்றொழிலாளர் வாயால் சொல்வது தரவு ஆகுமா?

ஆகும். ஆனால் மற்றத் தரவைப் போலவே அதையும் சோதிக்கவேண்டும்.

1995இல் டானியல் பௌலி என்ற மீன்வள விஞ்ஞானி ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் வேலை தொடங்கியபோது கண்ட கடலையே ‘வழமையான கடல்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது கணக்கில் படாமலே போகிறது என்பது அவர் வாதம். எங்கள் கரையில் இது இன்னும் சிக்கல். மற்ற ஊர்களில் அளவுகோல் மெல்ல நகர்ந்தது. இங்கே அது ஒரேயடியாக அறுந்தது. 1983க்குப் பிறகு யுத்தத் தடையும் அனுமதிப் பாஸும், இரவில் இறங்கக்கூடாது, இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2009வரை. மயிலிட்டிச் சனம் 1990இல் இடம்பெயர்ந்து 2017இல்தான் தங்கள் துறைமுகத்தைத் திரும்பக் கண்டது. இடையில் 27 வருடம். அந்த வருடங்களுக்கான புள்ளிவிபரத் தாளில் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை நிரப்பக்கூடியது எழுபது வயதைத் தாண்டியவர்களின் ஞாபகம் மட்டும்தான். அதுவும் வருடத்துக்கு வருடம் குறைகிறது.

ஒரு ஐயாவோடு படகில் போனோம். எங்கள் குழுவில் ஒருவர் ஜி.பி.எஸ். கருவியும் ஆழம் பார்க்கும் கருவியும் வைத்திருந்தார். ஐயா கரையில் கோயில் கோபுரத்தையும் ஒரு பனங்கூடலையும் நேர்பிடித்துப் படகை நிறுத்தச் சொன்னார். ‘தம்பி, உன்ர மெசினுக்கு ஆழம் தெரியும். உந்தப் பாரின்ர பேர் தெரியுமோ?’ என்றார். பிறகு அந்தப் பாரின், கடலடிப் பாறையின், பேரைச் சொன்னார், எந்தக் காற்றுக்கு அங்கே என்ன மீன் கூடும் என்றார், சோளகக் காற்றுக்கு வேறு, கச்சான் காற்றுக்கு வேறு. அன்று கருவி பதிந்த புள்ளிகளில் பாதிக்கு ஊர்ப்பேர் போட்டோம்.

சோதிப்பது என்றேனே, அதற்கு ஒரு உதாரணம்: ‘முந்தி மீன் அள்ளுகொள்ளை’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதை அப்படியே எழுதினால் அது ஏக்கம். எந்த வலை, எத்தனை கண், எத்தனை பேர், எந்த மாதம், கூறலில் (ஏலத்தில்) என்ன விலை என்று கேட்டுப் பதிந்து, நான்கு பேரின் பதிலை ஒப்பிட்டால்தான் தரவு. ஓராவும் ஒட்டியும் விஞ்ஞானிக்கு ஒரே சாதிக்குள் அடங்கும், சிகானஸ் என்று எழுதிவிடுவார். கரையில் இரண்டுக்கும் விலை வேறு. பெயரை ஊரார் சொல்கிறபடி எழுதாமல் விட்டால் பாதித் தகவல் அங்கேயே போய்விடும்.

கடலட்டைப் பண்ணைகள் பற்றி ஏன் இவ்வளவு சண்டை? விஞ்ஞானம் ஒரு முடிவு சொல்லக்கூடாதா?

விஞ்ஞானம் தன் பங்கைச் சொல்லியிருக்கிறது. இங்கே வளர்ப்பது வெள்ளை அட்டை. மணலை விழுங்கி, அதில் படிந்த அழுகலைத் தின்று, மணலைத் திருப்பி விடுகிற பிராணி. தீவனம் போடத் தேவையில்லை. குஞ்சு பொரிப்பகத்தில் உருவாக்கிய குஞ்சைக் கடற்புல் உள்ள மேட்டுக்கடலில் (ஆழமில்லாத கடலில்) வேலியடைத்து வளர்க்கலாம், அவித்துக் காயவைத்துச் சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் என்று அனுப்பலாம். உலகளவில் இந்த அட்டை அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அதனால் கடலில் பிடிப்பதைவிட வளர்ப்பது மேல் என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அதே விரிகுடாவின் மறுகரையில், இந்தியாவில், 2001 முதல் கடலட்டை தொடுவதே குற்றம். ஒரே பிராணி, ஒரே தண்ணீர், இரண்டு சட்டம்.

ஆனால் அரியாலையிலிருந்து கௌதாரிமுனை, தீவுப்பகுதி வரை எழுந்த எதிர்ப்பு அட்டையைப் பற்றியது அல்ல. அந்த வேலியைப் பற்றியது. முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர் நிலப்படத்தில் வெற்றிடமாகத் தெரியும். அங்கேதான் சிறகுவலைக்காரர் கம்பு நடுகிறார், படகில்லாதவர் தூண்டில் போடுகிறார், பெண்கள் நடந்து போய் மட்டி பொறுக்குகிறார்கள், மற்றவர்களின் வள்ளம் அதனூடாகத்தான் வெளியே போகிறது. எல்லோருக்கும் பொதுவாக இருந்ததை நாலு மூலைக்குக் கம்பு நட்டு ஒருவருடையதாக ஆக்கும்போது அந்த ஒருவர் யார், ஊரவரா, வெளியூர் முதலா, சங்கம் சம்மதம் கொடுத்ததென்றால் சங்கத்தில் வாக்கு யாருக்கு இருந்தது என்பதெல்லாம் கேள்விகள்.

என் நிலைப்பாட்டை ஒளிக்கவில்லை. பண்ணையே வேண்டாம் என்பவள் அல்ல நான். குடும்ப அளவில் நடத்தி மிஞ்சிக் காசு கண்டவர்களையும் தெரியும். ஆனால் ஒரு களப்பில் எத்தனை ஏக்கர் வேலி தாங்கும் என்று கடலாய்வாளர் கணக்குப் போடும்போது, ‘தாங்கும்’ என்ற சொல்லை மணலுக்கும் அட்டைக்கும் மட்டும் அளந்தால் அது அரைக் கணக்கு. ஒரு வருடம் முழுக்க, காற்றுக்குக் காற்று, அந்த மேட்டுக்கடலை யார் யார் பாவிக்கிறார்கள் என்ற வரைபடத்தையும் அதே தாளில் வைத்த பிறகுதான் எத்தனை ஏக்கர் என்று பேசலாம். அனுமதிப்பத்திரம் கொடுத்துவிட்டு வரைபடம் கீறுவது திருமணம் முடித்துவிட்டுப் பொருத்தம் பார்ப்பது.

இழுவைமடிக்குத்தான் 2017இலேயே சட்டம் வந்துவிட்டதே. இனி அமல்படுத்துவதுதானே மிச்சம்?

2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அடித்தள இழுவைமடியைத் தடை செய்தது. கடலுக்கு அது தேவையான சட்டம், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் மறுகரைப் படகுகளோடு உள்ளூரிலும், குருநகர் போன்ற கரைகளில், அந்தத் தொழிலில் கூலிக்குப் போனவர்கள் இருந்தார்கள். படகு முதலாளிக்கு வேறு வழி இருக்கலாம். பங்குக் காசுக்குப் போனவருக்கு என்ன வழி என்று சட்டத்தில் வசனம் இல்லை. மறுகரையிலும் இதே கதைதான். 2,000 இழுவைப் படகுகளை மூன்று வருடத்தில் ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டம் 2017இல் அங்கே தொடங்கியது. இராமேஸ்வரத்துச் சிறு முதலுக்கு ஆழ்கடல் படகின் கடன் எட்டாத உயரம்.

விதி எழுதுவதும் விதி நிற்பதும் வேறு வேறு என்பதற்கு எங்கள் நாட்டிலேயே பெயர்போன உதாரணம் இருக்கிறது. தெற்கே மாவெல்ல என்ற ஊரில் கரைவலைக்காரர்கள் முறை வைத்து வலை இழுத்தார்கள். போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் 1970களின் தொடக்கத்தில் அங்கே இருந்து ஆராய்ந்தார். முறை நியாயமானது, எல்லோருக்கும் நல்ல இடம் கிடைத்தது. ஆனால் புது வலை வருவதைத் தடுக்கும் விதி இருந்தும் அது நிற்கவில்லை. வலை கூடக் கூட ஒவ்வொருவருக்கும் முறை வருவது அரிதாகி, வருமானம் கரைந்தது. பொதுச் சொத்தை மக்களே நிருவகிப்பது பற்றி ஆராய்ந்து 2009இல் நொபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், தோற்றுப்போன ஏற்பாடுகளுக்கு உதாரணமாக இதை எடுத்துக்காட்டினார். மீனை எண்ணியிருந்தால் ‘மீன் குறைந்தது’ என்று மட்டும் தெரிந்திருக்கும்.

இப்படிச் சேர்ந்து செய்த ஆய்வு இதற்கு முன் இருக்கிறதா? அல்லது வெளிநாட்டுப் புதுப்பேச்சா?

புதிது அல்ல. 1902இல் மன்னார் முத்துச்சலாபத்தை ஆராய ஹேட்மன் என்ற பேராசிரியரோடு வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னல். விலங்கியலாளர். முத்துச்சிப்பியோடு தொடங்கிய மனிதர், சங்கு குளிப்பவர்களையும் வங்காளத்துச் சங்கு வளையல் கடைகளையும் சங்கோடு ஒட்டிய வழக்கங்களையும் ஆராய்ந்து 1914இல் எழுதினார். பிறகு கட்டுமரத்தையும் வள்ளத்தையும் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதினார். ஒரே தலைக்குள் இரண்டு துறையும் இருந்தது. அவருடைய கண் காலனித்துவக் கண்தான், வருமானம் தேடிய அரசாங்கத்தின் கண். அதையும் மறக்கவேண்டாம்.

அண்மைக்கு வந்தால், 2010ஐ அண்டித் தொடங்கிய ‘ரீஇன்கோர்ப்பிஷ்’ என்ற திட்டத்தில் ஆம்ஸ்டர்டாம், யாழ்ப்பாணம், ருகுணு பல்கலைக்கழகங்களும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்திருந்தன. இரண்டு கரைச் சிறு தொழிலாளரின் சிக்கலையும் ஒரே கேள்வியாக வைத்துப் பார்த்த முயற்சி அது. சமூக ஆய்வின் கை அதில் ஓங்கியிருந்தது என்பது என் எண்ணம். உலக மட்டத்தில் 2014இல் வந்த சிறு மீன்பிடி பற்றிய எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு) வழிகாட்டலும், 2021 முதல் 2030 வரையான ஐ.நா. பெருங்கடல் தசாப்தமும் இதையே கேட்கின்றன. அவை நிதி விண்ணப்பத்துக்கு உதவும்.

ஆய்வாளர்களுக்குள் சண்டை வராதா?

வரும். பெரும்பாலும் நேரத்தைப் பற்றி. கடற்புல் மாதிரி எடுக்க இரண்டு நாள் போதும். ஒரு கொட்டிலில் ஆட்கள் மனம்விட்டுப் பேச இரண்டு மாதம் எடுக்கும். அடுத்தது இலக்கம். நாற்பது நேர்காணலைக் கண்டதும் ‘மாதிரி போதாது’ என்பார்கள், நாங்கள் அவர்களின் வரைபைக் கண்டு ‘இதில் மனிதர் எங்கே’ என்போம். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதும் இருக்கிறது, அதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிவைத்துவிடுங்கள். பதவி உயர்வுக்கு ஒவ்வொரு துறையும் தன் துறைச் சஞ்சிகையைத்தான் எண்ணும். இதற்கு மருந்து என்னிடம் இல்லை.

கடலில் அனர்த்தம் வந்தால் இந்தக் கூட்டு உதவுமா?

2021 மேயில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தபோது பிளாஸ்ரிக் மணிகளையும் இரசாயனத்தையும் அளக்க ஆய்வுகூடங்கள் ஓடின. கப்பலுக்குக் கிட்டவே போகாத மீனையும் வாங்கச் சனம் பயந்தது. அந்த நட்டம் எந்தத் தண்ணீர் மாதிரியிலும் தெரியாது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் இழப்பீடு செலுத்தச் சொன்னது. அதுபோன்ற வழக்குக்கு இரண்டு வகைக் கணக்கும் வேண்டும், அதுவும் அனர்த்தத்துக்கு முந்தைய கணக்கு. வடக்குக் கரைக்கு அப்படி ஒன்று இப்போதே எடுத்துவைக்கவேண்டும்.

நான் மாணவர். எங்கிருந்து தொடங்குவது?

மற்றத் துறை நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு விடியப்புறம் பாசையூருக்கோ குருநகருக்கோ போங்கள். கேள்விக்கொத்து வேண்டாம். மீன் கூறிவிற்கும் இடத்தில் இரண்டு மணித்தியாலம் நில்லுங்கள். திரும்பி வந்து, நீங்கள் கண்டதை நீங்களும் அவர் கண்டதை அவரும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் இனங்களையும் நீளத்தையும் எழுதியிருப்பார். மற்றவர் யார் யாருக்குக் கண்சாடை காட்டினார், எந்தப் படகின் மீன் கூறலுக்கு வராமலே போனது என்று எழுதியிருப்பார். கூறலுக்கு வராத மீன் எந்தப் புள்ளிவிபரத்திலும் வராது. கடனுக்குப் போன மீன் அது. அந்த இரண்டு தாளுக்கும் நடுவே உங்கள் ஆய்வுத் தலைப்பு கிடக்கும்.

நான் தொழிலுக்குப் போகிறவன். நீங்கள் சேர்ந்து ஆராய்வதால் எங்களுக்கு என்ன?

இந்தக் கேள்வியை மரியாதையோடு கேட்டவர்களும் உண்டு, மரியாதை இல்லாமல் கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகைக்குத்தான் நியாயம் கூட. சுனாமிக்குப் பிறகு வந்தார்கள், யுத்தத்துக்குப் பிறகு வந்தார்கள், அட்டைக்கு வந்தார்கள். ‘கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போச்சினம், ஒருத்தரும் திரும்பி வரேல்லை’ என்று ஒரு அக்கா நண்டு கழற்றிக்கொண்டே சொன்னார். நானும் அந்த ‘ஒருத்தரில்’ ஒருத்தி. எங்கள் நண்டுக் குழுவின் அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி எங்கேயோ இருக்கிறது. அந்தக் கொட்டிலுக்கு ஒரு பக்கம்கூடப் போகவில்லை.

இப்போது நான் சேரும் குழுக்களில் ஒரு நிபந்தனை வைக்கிறேன். எழுதி அனுப்புமுன் முடிவுகளைத் தமிழில், கரையில், ஆண்களும் பெண்களும் இருக்கிற நேரத்தில் வாசிக்கவேண்டும். பிழையென்று அவர்கள் சொல்வதையும் அறிக்கையில் போடவேண்டும். அந்த நேரம் சங்கக் கூட்ட நேரமாக இருக்கமுடியாது. நண்டு கழற்றி முடியும் பத்து மணியாகத்தான் இருக்கும்.

ஆகவே அடுத்த முறை கேள்விக்கொத்தோடு ஒரு பிள்ளை உங்கள் கொட்டிலுக்கு வந்தால், முந்தி வந்தவர்களின் முடிவு எங்கே என்று கேளுங்கள். காட்டினால் இருத்திப் பேசுங்கள். இல்லையென்றால் தேத்தண்ணி கொடுத்து, அதை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி அனுப்பிவிடுங்கள்.